தாழ்ப்பாள்

லயத்துச் சுவர் ஓர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும்.
அதற்கு மேலே
ஆறு காம்பராவுக்கும் ஒரே புகை, ஒரே இருமல்.
அந்தோணிமுத்து புரண்டு படுத்தால்
எங்கள் பாய்க்குத் தெரியும்.
எங்கள் பாய் அசைந்தால்
அவர் வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும்.

அதனால் மழைக்குக் காத்திருந்தோம்.
பொகவந்தலாவையில் ஜூன் மழை
தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி இறங்கும்.
அந்த இரைச்சலுக்கு அடியில் நீ வருவாய்,
கவ்வாத்துக் கத்தியின் வாசம் கையை விட்டுப் போகாமல்,
மழை விடுவதற்குள் முடிக்க வேண்டிய வேலைபோல.
மூன்று பிள்ளைகளும் மார்ச்சில் பிறந்தார்கள்.
ஆஸ்பத்திரித் தாதி கார்டைப் பார்த்துச் சிரித்தாள்.
வானத்தைப் பற்றி அவளுக்கு என்ன சொல்ல?

ஒரே ஒரு தடவை
மழை சட்டென்று நின்றதை நான் கவனிக்கவில்லை.
மறுநாள் பீலியடியில்
பரமேஸ்வரி குடத்தை இறக்கி வைத்துவிட்டு
என்னைப்போலவே ஒரு சத்தம் போட்டுக் காட்டினாள்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
பிறகு சேலைத் தலைப்பைக் கடித்துக்கொள்ளப் பழகினேன்.
மூன்று சேலைகளில் முந்தானை நைந்தது.

அப்புறம் ஆப்பரேசன்.
அப்புறம் நீ கொட்டாஞ்சேனைக் கடைக்குப் போன ஒன்பது வருஷம்;
தீபாவளிக்குப் பிளாஸ்டிக் பையோடு வரும் விருந்தாளி.
ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது
நான் மகள்களோடு உள்ளே, நீ இஸ்தோப்பில்.
சண்டை ஒன்றும் இல்லை.
யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவில்லை.
கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்து
செத்துப்போனது என்று நினைப்பவர்கள்
தேயிலை தெரியாதவர்கள்.
எனக்குத் தேயிலை தெரியும்.
உடம்பைத்தான் தெரிந்திருக்கவில்லை.

இப்போது ஏழு பேர்ச்சில் வீடு.
சீமெந்து வாசம் இன்னும் போகவில்லை.
ஒருத்தி கட்டுநாயக்கவில், ஒருத்தி கல்யாணமாகி ஹட்டனில்,
பையன் வெள்ளவத்தையில் போன் கடையில்.
சுவர் கூரையைத் தொடுகிறது.
அறைக்குக் கதவு. கதவுக்குத் தாழ்ப்பாள்.
முதல் ராத்திரி நீ அதைப் போட்டாய்.
டக் என்ற அந்தச் சத்தத்தில்
இரண்டு பேரும் திடுக்கிட்டோம்,
களவுக்கு வந்தவர்கள் மாதிரி.

மல்லாந்து கிடந்து கேட்டாய்:
“ஒனக்குப் புடிச்சிருந்துச்சா?”
“எது?”
“அதான். அப்பல்லாம்.”

பதில் சொல்ல என்னிடம் சொல் இல்லை.
சம்பள நாள் குடிகாரர்கள் கத்தும் சொற்கள் தெரியும்.
கிளினிக்கில் மிஸ் கேட்கும் சொற்கள் தெரியும்.
இரண்டுக்கும் நடுவில், நாற்பத்தொன்பது வயதில்,
எனக்கென்று ஒன்றுகூட இல்லை.
உன் கையைப் பிடித்து வைத்தேன்.
“அங்க இல்ல. இங்க.
மெதுவா. யாரும் அரைப்பேர் போடப் போறதில்ல.”

“இத்தன வருஷமா சொல்லவே இல்லியே?”
“எங்க சொல்றது? அந்தோணிமுத்துகிட்டயா?”

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலானது,
இருமல் முழங்கால் வலியானது.
தலையணையை முட்டுக் கொடுத்தேன்.
இருட்டுக்குள் உன் குரல் வந்தது:
“பீலிகிட்ட சிரிச்சாங்கன்னு எனக்கும் தெரியும்.
கொழும்புல, கடைக்கு மேல அந்தப் பலகையில,
ஒன்னோட அந்த ஒரு சத்தத்தத்தான்
நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்.”

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.
உன் முழங்கால், என் வறட்சி, புதுக் கட்டிலின் முனகல்.
பாதியில் எழுந்து தேங்காய் எண்ணெய் தேடினேன்.
குளிருக்குப் போத்தலில் உறைந்து கிடந்தது.
கரண்டிக் காம்பால் தோண்டி
உள்ளங்கைக்குள் வைத்து, மாறி மாறி,
உருகும் வரை உட்கார்ந்திருந்தோம்.
அவ்வளவு நேரம் நாங்கள் எதற்கும் காத்திருந்ததில்லை
மழையைத் தவிர.

வெளியே மழை இல்லை.
பழக்கத்தில் என் கை வாய்க்குப் போனது.
நீ அதை எடுத்துவிட்டாய்.

கீழே லயத்துப் பக்கம் நாய் ஒன்று குரைத்தது.
குரைக்கட்டும்.