பதினோரு முறை அணைத்தேன்

உலான்பாத்தரில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, கம்பளிச் சட்டையைக் கழற்றினால்
இருட்டில் பொறி பறக்கிற வறட்சி.
வெந்நீர்க் குழாயை ஒரு தரம் தொட்டு
உடம்பில் இருந்த மின்சாரத்தை அதற்குக் கொடுத்துவிட்டு
உறையைக் கிழித்தேன்:
இரண்டு குச்சிகள், ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு ஜிபி.
மூன்று செம்மறியாட்டின் விலை.

கிழக்கு மாவட்டங்களின் பனி ஆழம்
ஒரே வரைபடமாக வேண்டும், காலை ஒன்பதுக்குள்.
மந்தையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று
அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.
பழைய நினைவகத்தில் பாதி விரிந்ததும்
கணினி மூச்சடைத்து நின்றுவிடும்.

இப்போது அந்தப் பாதியும் இல்லை.

விசிறிகள் சுற்றுகின்றன.
பலகையின் ஓரத்தில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி.
திரை கறுப்பு.
இருபது எண்ணினேன். அறுபது எண்ணினேன்.
பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

தர்ஹானில் இருக்கும் கொழுந்தன் எர்தெம்பிலெக்
எதையோ மென்றபடி போனில் கேட்டான்:
"டிக்குன்னு சத்தம் வந்துதா அண்ணி?"
வந்தது.
"ரெண்டு முனையிலயும்?"
சத்தியம் செய்ய முடியவில்லை.
கழற்றி மறுபடி அழுத்தினேன்
கட்டைவிரலில் பள்ளம் விழும் வரை.
டிக். டிக்.
கறுப்பு.

மகளின் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பர் எடுத்து
பொன்னிறப் பற்களைத் தேய்த்தேன்.
கூடார வீதிகளின் நிலக்கரிப் புகை
காடியின் அடிவரை இறங்கியிருந்தது;
பெயின்ட் பிரஷால் கூட்டினேன்.
காசளவு பேட்டரியைப் பிடுங்கி
ஐந்து நிமிடம் மேசையில் வைத்து, திரும்பப் போட்டேன்.
கறுப்பு.

பழைய இரண்டு மட்டும் என்றால் எழுகிறது,
நடுத்தூக்கத்தில் எழுப்பியவனைப் போலச் சற்றுத் தயங்கி.
புதிய இரண்டு மட்டும் என்றாலும் அப்படியே.
நான்கும் சேர்ந்தால் ஊமை.
தனித்தனியே தங்கமான மனிதர்கள்,
ஒரே கூடாரத்தில் படுக்க வைத்தால்தான் இப்படி.

நினைவகம் என்று இதற்குப் பெயர் வைத்தவனை
இந்நேரம் எழுப்பிக் கேட்க வேண்டும்:
மின்சாரம் போனால் அத்தனையும் மறக்கிற சாமானுக்கா?
எங்கள் பேச்சில் காட்டுக்கும் நினைவுக்கும்
ஒரே சொல்தான், ஓய்.
நுழைந்தவர் வழி தவறுவார் என்று
சொல்லிலேயே எச்சரிக்கை இருக்கிறதோ என்னவோ.

பதினொன்றாவது முறை அணைத்தபோது மணி இரண்டு.
பன்னிரண்டாவதாகப் போட்டேன், நம்பிக்கையில் அல்ல,
கை பழகிவிட்டது.
காரை உசுப்ப வேண்டிய நேரம் அது.
இங்கே குளிர்காலத்தில்
ஊரே நடுராத்திரியில் இறங்கிப் போய்
என்ஜினைச் சூடாக்கிவிட்டு வந்து படுக்கும்.
எண்ணெய் உறைந்தால் காலையில் கார் வெறும் இரும்பு.

கீழே, உறைந்த இருக்கையில்
சாவியைத் திருப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
முனகியது, இருமியது, ஓடத் தொடங்கியது.
ஊசி அசைய ஒரு கால் மணி நேரம்.
ஒரு தரம்கூட அதை அணைக்கத் தோன்றவில்லை.
பக்கத்துக் காரில் கன்ஹுயாக்
தூங்கியபடியே எனக்குத் தலையசைத்தார்.

கையுறையைக் கடித்து இழுத்தபடி மேலே வந்தால்
அறை நீலமாக இருந்தது.
திரையில் தேதி: ஜனவரி ஒன்று, ஏதோ ஒரு பழைய வருடம்.
நினைவகம்: தொண்ணூற்றாறு.
தொடர ஒரு விசையை அழுத்து என்று
கோபமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

போனில் எர்தெம்பிலெக்கின் செய்தி, பன்னிரண்டு மணிக்கு வந்தது:
"நாலும் ஒண்ணையொண்ணு பழகிக்க
பத்து நிமிஷம் ஆகலாம் அண்ணி. நடுவுல அணைச்சுடாதீங்க."

அணைத்தேன். பதினோரு முறை.
ஒவ்வொரு முறையும் அது
முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

வரைபடம் விரிந்தது, கட்டம் கட்டமாக, மூச்சடைக்காமல்.
வடக்கே முழங்கால் ஆழம். எல்லையோரம் இடுப்பளவு.
தென்கிழக்கே ஒரு நீண்ட பழுப்புத் திட்டு,
பனி மெலிந்து புல் எட்டிப் பார்க்கிற இடம்.
அதன்மேல் விரலை வைத்தேன். திரை சூடாக இருந்தது.
அனுப்பி முடிக்க மணி நாலரை.

படுக்கையில் பாதி சாய்ந்தபோதுதான்
ஜன்னலுக்குக் கீழே
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற கார்
நினைவுக்கு வந்தது.