மிதித்தபடியே

புரசைவாக்கத்தில்
எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
லிஃப்ட் கிடையாது.
இடுப்பு பிடித்தவனை முப்பத்தெட்டுப் படி ஏற்றுவது
என்ன வைத்தியமோ என்று
படிக்கொரு வசவு வைத்து ஏறினேன்.

போர்டில் ஆஸ்டியோபதி என்றிருந்தது.
"எலும்பு டாக்டரா?"
"எலும்பையும் தொடுவேன்" என்றாள் எப்சிபா.
ஊசி இல்லை. தைல வாசனை இல்லை.
எக்ஸ்ரேயை ஜன்னலில் தூக்கிப் பார்த்து
உறைக்குள் திரும்பப் போட்டாள்.
ஸ்டான்லியில் சொன்னதைத்தான்
படம் அவளுக்கும் சொல்லியிருக்கும்:
ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லையோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தேன்,
இருபத்தொன்பது சி,
பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர்.
பத்தொன்பது வருஷம்.
கிளட்ச் இடது காலுக்கு,
மிச்சமெல்லாம் வலது காலுக்கு.

படுக்கச் சொன்னாள்.
பரோட்டா மாஸ்டர் மாவைத் தூக்கி அடிப்பதுபோல்
ஏதோ வரப்போகிறதென்று பல்லைக் கடித்தேன்.
வரவில்லை.
முதுகின் அடியில் ஒரு உள்ளங்கையை நுழைத்து
அப்படியே வைத்திருந்தாள்.
ஒரு சிக்னல் நேரம்.
இன்னொரு சிக்னல் நேரம்.
கீழே கடையில் யாரோ
குடத்தைச் சுண்டி ஓசை பார்த்தார்கள்.
இவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
சுண்டாமல்.

"வலது காலை விடுங்க."
"விட்டுட்டேன்."
"இல்ல, விடுங்க."
"விட்டுட்டேன்மா."
"விடல. எதையோ மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க."

போன ஆடி.
ஸ்டெர்லிங் ரோடு திருப்பம்.
காற்றில் பறந்த சார்ட் பேப்பரைப் பிடிக்க
பிளாட்பாரத்தை விட்டு இறங்கியது ஒரு பிள்ளை.
மிதித்தேன்.
நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள்.
யாருடைய தயிர் பாக்கெட்டோ உடைந்தது.
என் அம்மாவை, என் லைசென்ஸை,
என் சாப்பாட்டை எல்லாம் திட்டினார்கள்.
பிள்ளை பேப்பரை எடுத்தது,
மண்ணைத் தட்டியது,
பஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போனது.
தணிகைவேல் விசில் கொடுத்தான்.
டிரிப் ஷீட்டில் நாலு நிமிஷம் லேட்.
அவ்வளவுதான் அதற்கு ஆதாரம்.
வீட்டில் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது, நடக்காத ஒன்றை?

அவளிடமும் "பிரேக்" என்று மட்டும் சொன்னேன்.
மேலே கேட்கவில்லை.
தொப்புளுக்குப் பக்கவாட்டில், ஆழத்தில்,
என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாத ஒரு தசைமேல்
விரல்கள் இறங்கின.
அழுத்தவில்லை, காத்திருந்தன,
நான் மூச்சு விடும்போது மட்டும்
ஒரு நூல் உள்ளே போயின.

டிப்போவில் அணைத்த பிறகும்
ஒருமுறை குலுங்கித்தான் அடங்கும் பழைய வண்டி.
தொடை அப்படிக் குலுங்கியது.
பிறகு கனமாக, என்னுடையதில்லாததுபோல்,
மேசையில் கிடந்தது கால்.
அழுகை வரும் என்று பயந்தேன்.
பசி வந்தது.
அப்படியொரு பசி.

எண்ணூறு ரூபாய்.
"சரியாயிடுமா?"
"முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன்.
ரெண்டு மூணு தடவை வாங்க.
சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைங்க."
சீட்டை உயர்த்தும் லிவர் உடைந்து நாலு வருஷம்.
அதற்கு எந்த மாடி ஏறுவது?

நாலு இட்லி, ஒரு வடை, இன்னொரு வடை.
என் ரூட் பஸ்ஸிலேயே ஏறி
கம்பியைப் பிடித்து நின்றேன்.
டிரைவர் புதுப்பையன், சங்கடமாகச் சிரித்தான்.
இடுப்பு இன்னும் வலித்தது,
ஆனால் வேறு வலி,
இடம் மாறி உட்கார்ந்த பயணி மாதிரி.

ஓட்டேரியில் ஒரு ஆட்டோ குறுக்கே விழ
பையன் பிரேக் அடித்தான்.
என் காலும் சேர்ந்து தரையை மிதித்தது.
பழக்கம்.
பிறகு,
அவன் எடுப்பதற்கு முன்னாலேயே
எடுத்தது.