நிகர எடை

நாற்பது கிராம், நூறு, இருநூற்றைம்பது:
பதினெட்டு வருஷமாக மசாலாவைத்தான் நிறுத்தேன்.
புதுச் சட்டத்தின் படிவம் கேட்கிறது
மசாலா போக மிச்சத்தை.

சாட்ஸ்வர்த்தில், தகரக் கூரைக் கிடங்கில்
ராத்திரி ஒன்பதரை.
பத்துக்கு மின்சாரம் போய்விடும்.
தராசில் ஒரு காலி உறையை வைக்கிறேன்.
பூஜ்யம் காட்டுகிறது.
பத்து வைத்தேன். நூறு வைத்தேன்.
நூற்றுக்கு முந்நூற்றுப் பத்து கிராம்,
ஒன்றுக்கு மூன்று சொச்சம்,
தும்மினால் பறக்கிற மூன்று.

போன வருஷம் எட்டு லட்சம் உறை, என்கிறான் தயாளன்.
கால்குலேட்டரை இரண்டு தரம் தட்டினான்,
பிறகு வாசலில் நிற்கும் பேக்கி வண்டியைப் பார்த்தான்.
அதைவிட ஒரு டன் அதிகம்.

அடுத்த கட்டம்: ஒரே பொருளா, கலப்பா?
பைன்டவுனில் உறை செய்பவருக்கு மத்தியானமே போன் போட்டிருந்தேன்.
வெளியே ஒரு பிளாஸ்டிக், உள்ளே வேறொன்று,
நடுவில் மயிரிழைக்கும் மெல்லிய அலுமினியம்.
பிரிக்க முடியுமா?
"பிரியக் கூடாதென்றுதானே அம்மா செய்தோம்."

செவ்வாய்தோறும் பெகானி தள்ளுவண்டியோடு வருவான்.
அட்டை எடுப்பான், போத்தல் எடுப்பான்,
எங்கள் உறைகளை மட்டும் படியிலேயே விட்டுப்போவான்.
மரியாதை என்று நினைத்திருந்தேன்.
இந்த வாரம்தான் கேட்டேன்.
ஒன்றைக் கையில் கசக்கி விரலைத் திறந்தான்;
அது சோம்பல் முறித்துப் பழையபடி விரிந்தது.
"சுருங்காததை எவனும் வாங்க மாட்டான்."

ஆகவே ஒற்றைப் பிளாஸ்டிக்.
மாதிரி உறை மேசையில் இருக்கிறது, பளபளப்பில்லாமல்,
கல்யாணத்துக்குப் பழைய சட்டையில் வந்தவன்போல.
இதில் நாலே மாதம்தான், மிளகாய் வெளுத்துவிடும், என்கிறான் தயாளன்.
வெளுக்கும் முன் தின்னட்டும், என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
கடைக்காரர்கள் திருப்பி அனுப்பப்போகும் பெட்டிகளை
இப்போதே எண்ணத் தொடங்கிவிட்டான்.

கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது
உம்லத்துசானா ஆறு ஞாபகம் வந்தது.
வெள்ளம் வடிந்த மறுநாள்
முள்வேலி முழுக்கக் குப்பை மாட்டியிருந்தது.
அதில் ஒன்று எங்களுடையது.
என்றைக்கோ விட்டுவிட்ட தொலைபேசி எண்,
கொஞ்சமும் மங்காத சிவப்பு,
கோகிலம் மசாலா, என் பெயர்.
சுற்றிலும் பார்த்தேன்.
பெயர் உட்பக்கம் போகும்படி மடித்து
அதே வேலியில் செருகிவிட்டு வந்தேன்.

திரும்பப் பெற்றது எவ்வளவு, கிலோவில்?

தயாளன் பேனாவோடு காத்திருக்கிறான்.
பத்தாக இன்னும் நாலு நிமிஷம்.
அந்தத் தராசைப் போல நானும்
பூஜ்யம் காட்டுகிறேன்.