காலி வண்டி எடை

காவேரிப்பட்டணம் ரோட்டில் அறுபது டன் எடைமேடை.
இரவு ஷிப்ட் எனக்கு.
கிரானைட் லாரி ஏறி நின்று, பெருமூச்சு விட்டு,
சீட்டு வாங்கிப் போகிற இடைவெளியில்
நான் பெயர் விற்கிறேன்.

பிள்ளைக்கு வைக்கிற பெயர் அல்ல,
புள்ளிக்கு முன்னால் வருகிற பெயர்.
வருஷம் எண்ணூற்றுச் சொச்சம் கட்டினால்
வேறெவனும் அதில் குடியேற முடியாது.
இருபத்து மூன்று வைத்திருக்கிறேன்.
மொத்தத்தையும் மேடையில் ஏற்றினாலும்
சிவப்பு எண் சுழியைவிட்டு நகராது.
"தண்ணியில்லாத கெணத்த
எதுக்கு வருஷா வருஷம் தூர் வாரற?"
நாகவேணி கேட்பாள்.

செந்தூரா என்று ஒன்று.
ஒன்பது வருஷம் கட்டினேன்.
சுற்றிலும் இத்தனை மாங்கூழ் ஆலை,
ஒருத்தனுக்காவது வேண்டியிருக்காதா?

ஆள் பார்க்கத் தெரியும் எனக்கு.
எடுத்ததும் "லாஸ்ட் ரேட் என்ன" என்பவன் வாங்கமாட்டான்.
"இந்தப் பேருக்கு மதிப்பே கிடையாது" என்று
மூன்று பத்தி எழுதுகிறவன் வாங்குவான்.
மதிப்பில்லாததற்கு எவன் மூன்று பத்தி எழுதுவான்?
"ஸ்டூடண்ட் சார், காலேஜ் ப்ராஜெக்ட்" என்றால்
பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்துகிற டிரைவர்.
இறங்கிப்போய் டார்ச் அடிக்கவேண்டும்.

ஜூன் மாதம், ராத்திரி ஒன்றரைக்கு ஹேமலதா.
மாணவி. ப்ராஜெக்ட். நாலாயிரம்தான் இருக்கிறதாம்.
டார்ச் அடித்தேன்:
போன் நம்பர் இல்லை. எழுத்துப்பிழை இரண்டு.
கேள்வி கேட்டால் ஒன்பதே நிமிடத்தில் பதில்.
கம்பெனிக்காரிதான்.
மூன்றரை லட்சம் என்றேன்.
"சரிங்க சார், தேங்க்ஸ்."
அவ்வளவுதான். மறுபடி வரவேயில்லை.

அக்டோபரில் போச்சம்பள்ளியிலிருந்து முனிரத்தினம்.
பேசும்போது பின்னால் ஆடு கத்தியது.
மகள் பெயர் செந்தூராவாம், அடுத்த மாசம் காதுகுத்து,
அவள் பேரில் ஒன்று இருக்கட்டுமே என்று.
ஆறாயிரம் என்றேன். உடனே போட்டார்.
பேரம் பேசவில்லை.
பேரம் பேசாத மனுஷனைக் கண்டதும்
டார்ச்சை எடுத்திருக்க வேண்டும் நான்.

தை பிறந்து நாலாம் நாள்
டோல்கேட் தாண்டிப் பெரிய பலகை:
பாதி அறுத்த பழம், சொட்டுகிற சாறு,
அடியில் புள்ளியோடு என் பெயர்.
அந்த ஆடு நிஜமா, ரிங்டோனா,
இன்றைக்கும் தெரியாது.

அதைவிட, போன வாரம் தேடும்போது கிடைத்தது:
செந்தூராவோடு நாலு எழுத்து கூடுதலாக ஒட்டிய,
எவனும் காசு கொடுக்காத ஒரு முகவரி.
உள்ளே மத்தூர்ப் பக்கத்து மாமரங்கள் நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றுக்கும் எண், இலை நோய், பூத்த தேதி.
கடைசியில் ஹேமலதா, மூன்றாம் ஆண்டு.
எழுத்துப்பிழை இரண்டும் அப்படியே.

காலி வண்டியை முதலில் போட்டால்தான்
சரக்கு எவ்வளவென்று சொல்லமுடியும்.
தினம் இருபது டிரைவரிடம் இதைச் சொல்கிறேன்.

மீதி இருபத்திரண்டுக்கு மார்ச்சில் கட்டணும்.
வெளியே ஹாரன்.
கல் ஏற்றிய வண்டி. இடது பின்சக்கரம்
ஒரு சாண் வெளியே நிற்கிறது.
எழுந்து போகிறேன்.