அறுபது பாகக் கயிறு

கிறகோரியின் படகில் எனக்கு ஒதுக்கிய இடம்
ஐஸ் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே.
மடியில் ஒரு இரும்புக் குழாய், பழைய சாரத்தால் சுற்றியது.
அதற்குள் வெப்பமானி, உப்புமானி,
வெளியே பல்கலைக்கழக முத்திரை,
உள்ளும் வெளியும் போன பயணத்துச் சூடை வெடுக்கு.

முனையிலிருந்து முப்பது மைல் கிழக்கே
எஞ்சினை நிற்பாட்டினான்.
"கடலுக்குக் காய்ச்சல் பாக்கிறியள்,
நாக்குக்கடியில வைக்கேல்லையோ?"
அங்கேதான் வைக்கிறேன், கிறகோரி.
கயிறு அறுபது பாகமும் போகட்டும்.

சட்லைற் தடவிப் பார்ப்பது தோலை மட்டும்.
தோல் இருபத்தெட்டு என்றது.
கார்த்திகைக் கடலுக்கு அது வழமை.
இறக்க இறக்கக் குளிரும் என்று திரையைப் பார்த்திருந்தேன்.
இருபது மீற்றரில் இருபத்தெட்டரை.
நாற்பதில் இருபத்தொன்பதுக்கு ஒரு மயிரிழை குறைவு.
குழாயைத் தட்டிப் பார்த்தேன்.
மீண்டும் இறக்கினேன்.
அதே எண்கள், அதே ஒழுங்கில்.

மேல்தண்ணீரை விரலால் தொட்டு நக்கினேன்.
உப்புக் காணாது.
அவனும் அள்ளி வாயில் விட்டுத் துப்பினான்.
"எங்கட மழையில்லை இது."
போன கிழமை நாகர்கோவில் கரையில்
ஆளில்லாமல் ஒதுங்கிய மூங்கில் தெப்பம் நினைவுக்கு வந்தது.
பர்மா எழுத்துப் பதித்த ஒரு கேத்தல் அதில் கட்டியபடி கிடந்தது.
அதைக் கொண்டுவந்த நீவாடுதான்
ஐராவதியையும் கங்கையையும்
எங்கள் கடலின்மேல் ஒரு தகடாய் விரித்திருக்கிறது.
ஆற்றுத் தண்ணீர் இலேசு, மேலே கிடக்கும்.
உப்புத் தண்ணீர் பாரம்,
வைகாசி வெயிலை இன்னும் கைக்குள் பொத்தியபடி
கீழே கிடக்கும்.

புயல் தான் குடிக்கும் கோப்பையைத்
தானே கலக்கிவிடும் பிராணி.
கலக்கக் கலக்க அடிக்குளிர் எழும்பி வரும்,
குடிக்கச் சூடில்லாமல் காற்று இளைக்கும்.
கடல் கரைக்குச் செய்யும் தயவு அவ்வளவுதான்.
இந்தத் தரம் கலக்கினால்
மேலே வரப்போவதும் சூடு.

"எவ்வளவு பலக்கும்?"
"தெரியாது. கெதியில இளைக்காது."
"எத்தினை மணிக்கு வரும்?"
"தெரியாது."
"பின்ன என்னத்துக்கு அறுபது பாகம்?"
கேட்டவன்தான் அன்று பின்னேரம்
படகை றோட்டுக்கு மேலே ஏற்றி
பூவரசோடு இரண்டு கயிறு கூடுதலாய்க் கட்டினான்.
கொழும்புக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு
'கிடைத்தது' என்று ஒரு சொல் வந்தது.

மூன்றாம் நாள்
முல்லைத்தீவுக்கு நேரே வந்து நின்றது.
நகரவில்லை.
நிற்கிற புயல் தன் காலடித் தண்ணீரைக் குளிராக்கித்
தானே சாகும் என்று
மாணவர்களுக்குப் படம் கீறிக் காட்டியிருக்கிறேன்.
அந்த இரவு முழுக்க அந்தப் படத்தை
யன்னல் கண்ணாடி அடித்து அடித்து அழித்தது.
கிறகோரியின் தங்கை மெற்றில்டாவின் கூரைத் தகரம்
தும்பளையில் ஒரு மதிலில் மடிந்து தொங்கியது.
பூவரசு சரிந்தது,
கட்டிய படகின் மேலேயே.

இரண்டாம் இரவு எப்போதோ தகடு கிழிந்திருக்க வேண்டும்.
விடிய வெறும் மழை.
சேவல் ஒன்று பிழையான நேரத்தில் கூவியது.

ஆறாம் நாள் வேறொருவர் படகில் போனோம்.
கிறகோரி கூலிக்கு வந்திருந்தான்.
பூவரசைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அதே இடம். தோல் இருபத்தாறரை.
இறங்கியும் பெரிதாய் மாறவில்லை.
தண்ணீர் பாசிப் பச்சையாய் இருந்தது,
நெத்தலி ஒரு பக்கமாய்க் கொதித்தது.
அவன் கைநீரை நக்கி முகத்தைச் சுளித்தான்.
"இப்ப சரியான உப்பு."
கொப்பியில் எண்ணை எழுதினேன்,
பக்கத்தில் அவன் சொன்னதையும்.

கயிற்றைச் சுற்றத் தொடங்கினான்.
கடைசிப் பாகங்கள் ஏறி வந்தபோது
என் பக்கம் ஒரு வளையத்தை நீட்டினான்.
பிடித்தேன்.
விறைத்தது.