இரண்டு வெள்ளைக் கோடுகள்

சட்டம் சொல்கிறது:
உருக்காலைக்குள் ஆய்வுக்கு நுழையுமுன்
முப்பது நாள் முன்னறிவிப்பு தரவேண்டும்,
முத்திரையிட்ட தாளில், மூன்று பிரதி.

தந்தோம்.
சம்பந்தி வரப்போகும் வீடுபோல் இருந்தது ஆலை.
வழுக்காதிருக்க வாசலில் உப்பு தூவியிருந்தார்கள்.
மூன்றாம் உலை ‘பராமரிப்பில்’ இருந்தது.
புகைபோக்கியின் வாயில்
குளிரில் நிற்கும் குதிரை விடும் மூச்சளவு வெண்மை.
கருவியை நீட்டினேன்.
அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை.
சுற்றுச்சூழல் பிரிவுத் தலைவர் செரிக்பாய்
பாலூற்றிய தேநீரும்
பொரித்த மாவுருண்டையும் தந்தார்.
சூடாக இருந்தன. இரண்டு எடுத்துக்கொண்டேன்.
அதையும் எழுதவேண்டுமென்றால் எழுதுகிறேன்.

திரும்பும் வழியில்
போத்தகோஸ் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.
ஆய்வகத்தில் சேர்ந்து நான்கு மாதம்,
எந்தப் படிவத்தில் எதை எழுதக்கூடாதென்று
இன்னும் பழகவில்லை அவளுக்கு.
பதினேழாம் எண் குடியிருப்பின் பின்னால்
துணி காயப்போடும் கம்பங்களுக்கு அப்பால்
நவம்பரிலிருந்து யாரும் மிதிக்காத பனி
இடுப்பளவு கிடந்தது.
மண்வெட்டியால் நேர்கீழாக வெட்டினாள்.

உச்சியில்
இன்று காலை விழுந்த வெள்ளை.
அதன்கீழ் கறுப்பு.
சாம்பல் நிறம். ஒரு விரல்கடைக் கறுப்பு. மறுபடி கறுப்பு,
தொட்டால் கையுறையில் ஒட்டும் கரி.
முழங்கால் உயரத்தில்
இன்னொரு வெள்ளைக் கோடு,
நூல்போல, மெலிதாக.

“இது எந்த நாளாக இருக்கும்?”
குனிந்தபடியே கேட்டாள்.
நான் பதில் சொல்லவில்லை.
டிசம்பர் ஒன்பது. செவ்வாய்.
அன்றைக்கும் தேநீர் தந்தார்கள்.

மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்து
ஒரு பெண்மணி கத்தினார்:
“தோண்டித் தோண்டி யாரைத் தேடுகிறீர்கள்?”
எங்களைத்தான் என்று சொல்ல
வாய்வரை வந்தது.

அலுவலகத்தில் விசாரித்தேன்.
காற்று எங்கள் துறை.
ஆறு நீர்வளத் துறை.
விழுந்து கிடக்கும் பனி
நகராட்சியின் பொறுப்பு, அதுவும்
அள்ளுவதற்கு மட்டும்.
அளவு மீறியதா என்று கேட்க
பனிக்கு அளவே குறிக்கவில்லை யாரும்.

அடுத்த ஆய்வுக்குக் கடிதம் தட்டச்சு செய்கிறேன்.
இன்றிலிருந்து முப்பது நாள்
என்றால் ஏப்ரல்.
அதற்குள் எல்லாம் சேறாகி
சாக்கடை வழியே போய்ச் சேர்ந்திருக்கும்.

போத்தகோஸ் வெட்டியெடுத்த துண்டு
என் வீட்டு பால்கனியில் இருக்கிறது,
தகர வாளியில், குளிர்காலத்துக்கு வாங்கிய
இறைச்சிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில்.
மேலே பழைய கம்பளி போர்த்தியிருக்கிறேன்.
பால்கனி வடக்குப் பார்த்தது.
இன்னும் இரண்டு வாரம் தாங்கும்.