கல் எண் பதினேழு

கார்த்திகையில் முதல் தடவை ஏறினோம்,
திரிசூலம் குவாரியின் முதுகுப்பக்கம்.
டேப்பின் ஒரு முனை டில்லிபாபுவிடம்,
மறுமுனை என்னிடம்.
மழை விட்ட சரிவெல்லாம் முழங்கால் உயரப் புல்.
படிவத்தில் ‘தாவரம்’ என்ற கட்டத்தில்
புல் என்று எழுதினேன்.
அரை அங்குலம்தான் இடம் விட்டிருந்தார்கள்.

பங்குனிக் கடைசியில் மறுபடி.
யாரோ வீசிய பீடியில்
பாதிச் சரிவு எரிந்து கிடந்தது.
பதினேழாம் கல்லை ஒட்டி, கரிக்கு நடுவே,
இலை என்று ஒன்றுகூட இல்லாமல்
ஒரு தண்டு.
உடைந்த குடையின் கம்பியை
நட்டுவிட்டுப் போனது போல.
கம்பியில் ஒன்பது பூ.
வெளிறிய பச்சை,
உதட்டில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில்
கோடு போட்ட நோட்டு.

படம் எடுத்து பிலோமினா மேடத்துக்கு அனுப்பினேன்.
தரை ஆர்க்கிட். தொடாதே, என்று பதில்.

“ஆர்க்கிட்னா, ரிசப்ஷன்ல மேடைக்குச் சொருகுவாங்களே,
கோயம்பேட்டுல கட்டு நூத்தம்பது, அதுவா?
ஏ.சி. இல்லாம எப்படிக்கா நிக்குது?”

குந்தி உட்கார்ந்து பார்த்தோம்.
ஒரு தேனீ உள்ளே போனது,
நெற்றியில் மஞ்சள் உருண்டை ஒட்டிக்கொள்ள
வெறும் வாயோடு வெளியே வந்தது.
பக்கத்துப் பூவிலும் போய் ஏமாந்தது.
தேனே கிடையாதாம் இதில்.
மேடம் பிறகு சொன்னார்.

சக்கரத்தை நீட்டிக்கொண்டு
ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கியது.
அதன் நிழல் எங்கள் மூவர் மேலும்
ஒரே வேகத்தில் போனது.

அப்புறம்தான் உறைத்தது:
கார்த்திகையிலும் இது இங்கேதான் இருந்திருக்கும்,
புல் மாதிரி இலையை நீட்டிக்கொண்டு.
இதன் மேல் நின்றுதான்
இதைப் புல் என்று எழுதியிருக்கிறேன்.
மண்ணுக்குள் இஞ்சி போல் ஒரு கிழங்கு
என் செருப்பின் எடையைத் தாங்கிக்கொண்டு.

கீழே போய்ச் சொன்னேன்.
“அறிக்கை போன மாசமே அப்ரூவ் ஆயிடுச்சேம்மா”
என்றார் சீனிவாசலு.
‘குறிப்பிடத்தக்க தாவரம் ஏதுமில்லை.’
என் கையெழுத்துதான்.

மறுநாள் டில்லிபாபு கடப்பாரையோடு வந்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கல் கனமாக இருந்தது.
நாலடி கீழே,
ஒரு பாறைப் பிளவில் நன்றாகப் பொருந்தியது.
பழைய குழியைக் காலால் மூடினோம்,
தண்டுப் பக்கம் மட்டும் கையால்.

வரைபடம் அச்சாகி வந்தபோது
பதினேழில் கோடு
மயிரளவு வளைந்திருந்தது.
கண்ணாடியை ஏற்றிப் பார்த்த சீனிவாசலு சொன்னார்,
பிரின்டரை மாத்தணும்.